கடைசிவரை கூட இருந்த புத்தகங்கள்

கொல்கத்தா இலக்கிய விமர்சகர் நிருபம் இறந்து, காரியம் முடிந்த மறுநாள், அவருடைய உயிர் நண்பர்கள் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். அவர் மனைவி பீதிகா சந்தேஷ் இனிப்புத் தட்டை வைத்தாள்.

"அண்ணி, இரங்கல் கூட்டத்துல சொல்லணும். கடைசியில அவன் பக்கத்துல இருந்தது யார் புத்தகம்?" என்றார் ஆயிரம் பக்க நாவல்காரர் பிரணவேஷ்.

"உன் செங்கல்லையா தூக்கிப் படிச்சிருப்பான்?" என்றார் ஒரு பக்கக் கதைக்காரர் தபன்.

"உன் கதை தும்மறதுக்குள்ள முடிஞ்சிடுமே!"

"ரெண்டும் வேண்டியிருந்தது," என்றாள் பீதிகா. "பிரணவேஷ் அண்ணா நாவல் இல்லாம அவருக்குத் தூக்கமே வராது. தபன் அண்ணா புத்தகத்தை நான் கீழ வெச்சா, உடனே எடுக்கச் சொல்வார்."

இருவர் முகமும் மலர்ந்தது. "எந்த இடத்தை ரொம்ப ரசிச்சான்?"

"நாவலைத் தலையணைக்கு அடியில வெச்சு உயர்த்தினாத்தான் மூச்சு விட முடிஞ்சுது. கரண்ட் போனா கதைப் புத்தகத்தால விசிறுவேன்."

"படிக்கவே இல்லையா?"

"போன துர்கா பூஜைக்கு முன்னாடியே கண்ணு ரெண்டும் போயிடுச்சே, தெரியாதா? வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா, 'அவனுங்க வந்துட்டானுங்களா?'ன்னு கேப்பார். சந்தேஷ் எடுத்துக்குங்க."