அரக்கனின் உறுமல்

அந்தக் காலத்தில் ஊரையே அலறவைத்த அரக்கன் படத்தை, ஹேமநாத் இந்தக் காலத்துக்காகத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தான். எடுத்தவரை பார்த்த யாருமே பயப்படவில்லை. இப்படியே போனால் வேறு டைரக்டரைப் போட்டுக்கொள்வதாகத் தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். ஆரணிக்கு வந்து அக்கா லீலாவின் முன் லேப்டாப்பைத் திறந்துவைத்தான்.

அரக்கன் உறுமினான். லீலா பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

"பயமா இல்லியாக்கா?"

"நாள் பூரா தறி ஓடுற வூட்ல இவன் சத்தம் எம்மாத்திரம்டா? சும்மா கத்திகினு கீறான்."

ஹேமநாத் சத்தத்தைக் கூட்டினான். உட்கார முடியாமல் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

திடீரென்று லீலா வீறிட்டாள். பூவெல்லாம் தரையில் சிதறியது.

அவன் துள்ளினான். "எந்த சீன்க்கா?"

"சீனாவது மண்ணாவது! உள்ள தறி நின்னுடுச்சுடா! அப்பா!"

போன வருடம் மார்வலி வந்து அப்பா தறிமேல் சாய்ந்தபோதும் இப்படித்தான் சத்தம் நின்றது. இருவரும் ஓடினார்கள்.

அப்பா வேணுகோபால் எதிரே வந்தார். "இன்னாடா ஓட்டம்? பேய்ப் படம்னியே, பாக்கலாம்னு எழுந்து வந்தேன்."

அன்று மாலையே ஹேமநாத் உறுமலை எடுத்துவிட்டான். இப்போது படம் முழுக்கத் தறி ஓடுகிறது. அது நிற்கும்போது அரக்கன் வருகிறான்.