அண்ணன் தந்த மன்னிப்பு

“ஸ்வெட்டரைக் கழட்டாதே ஒட்வார், மாடியிலேர்ந்து இறங்கி வர்றாங்க!” என்று கிசுகிசுத்தாள் போர்கில்.

“குத்துது, போர்கில்.”

“கம்பளின்னா குத்தத்தான் செய்யும். சும்மா உட்காரு.”

குத்தியது கம்பளி அல்ல. அது சுவெரேயின் ஸ்வெட்டர். ஒட்வார் உட்கார்ந்திருந்தது சுவெரேயின் நாற்காலி. கையில் இருந்தது சுவெரேயின் காபிக் கோப்பை. சுவெரே அக்டோபரிலேயே கண்ணை மூடிவிட்டார். அவர் மனைவி போர்கில் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் பக்கத்து வீட்டு ஒட்வார் இந்த வேஷத்துக்குச் சம்மதித்தார்.

சுவெரேயின் தம்பி ஆர்னே, படுக்கையில் கிடந்த அப்பாவை அண்ணன் தலையில் கட்டிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியவர். அதோடு பேச்சுவார்த்தை அறுந்தது. ஐம்பது வருடமாக ஒரு போட்டோகூட வந்ததில்லை, போனதில்லை. இந்த ஜூனில்தான் அவர் மகள் ஷேரன் போன் செய்து அழுதாள். “கிறிஸ்துமஸுக்கு அண்ணனைப் பார்க்கணும்னுதான் அப்பா உயிரைப் பிடிச்சு வெச்சிருக்கார் பெரியம்மா. இதயம் ரொம்ப மோசம்.”

“உன் பெரியப்பாவும் வாசலையே பார்த்துக்கிட்டுத்தான் இருக்கார்” என்று போர்கில் சொல்லிவிட்டாள். உண்மையில் சுவெரே சொன்னது, “வரட்டும், பார்க்கலாம்.” அவ்வளவுதான்.

பார்க்க அவர் இல்லை. டிக்கெட் எடுத்துவிட்டவர்களிடம் எப்படிச் சொல்வது? பண்டிகை முடிந்து ஊர் போய்ச் சேரட்டும் என்று முடிவு கட்டிவிட்டாள் போர்கில். அதுவரை இந்த ரகசியம் வெளியே வரக்கூடாது. வந்தால் அந்த இதயம் தாங்காது.

மத்தியானப் பால்கஞ்சிக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

“பட்டைத்தூள் போதுமா அண்ணே?” ஆர்னே தன் கையாலேயே தூவினார்.

“போதும்டா தம்பி.”

ஏதாவது பேச வேண்டுமே என்று ஒட்வார் ஒரு கதையை அளந்துவிட்டார். “சின்ன வயசுல உறைஞ்ச ஆத்துல பனிக்கட்டி உடைஞ்சு நீ உள்ளே போயிட்டியே, ஞாபகமிருக்கா?”

“மறக்க முடியுமா? நீங்கதானே தலைமுடியைப் பிடிச்சு இழுத்துப் போட்டீங்க!”

நடக்காததுகூட ஞாபகம் இருக்கிறதே இந்த மனிதருக்கு! ஒரு வயதான ஜீவனை இப்படி ஏமாற்றுகிறோமே என்று ஒட்வாருக்கு நாக்கூசியது.

“அப்பாவை ரொம்பக் கிளறாதீங்க பெரியப்பா” என்று ஷேரன் அவசரமாகக் குறுக்கிட்டாள். நார்வே பாஷை ஒரு சொல்கூடத் தெரியாத அவள் புருஷன் நீல் மட்டும்தான் அந்த மேஜையில் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

நேற்று நடந்தது இதைவிட மோசம். வந்ததும் காலணியைக்கூடக் கழற்றாமல் ஆர்னே ஒட்வாரின் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, மன்னிச்சிட்டேன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்.”

“எப்பவோ மன்னிச்சிட்டேன்டா” என்றார் ஒட்வார். இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அடுத்தவன் வீட்டு மன்னிப்பை எடுத்துக் கொடுக்க நான் யார்? அப்போதிலிருந்து கண்ணாடியில் தன் முகத்தையே அவரால் பார்க்க முடியவில்லை.

“அப்பா அம்மா கல்லறையில மெழுகுவர்த்தி ஏத்தணும் அண்ணே” என்றார் ஆர்னே, கஞ்சிக் கிண்ணத்தை நகர்த்திவிட்டு.

போர்கிலின் கரண்டி நின்றது. அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில்தான் சுவெரேயைப் புதைத்திருந்தார்கள்.

“பனி வழுக்கும். நாளைக்குப் போகலாமே” என்றாள்.

“ஆமாப்பா, வேண்டாமே” என்றாள் ஷேரனும்.

“கிறிஸ்துமஸ் முந்தின நாள் ஊரே ஏத்துது. நாம மட்டும் நாளைக்கா?”

ஒருவழியாகப் பேச்சை மாற்றிவிட்டோம் என்று நினைத்து, ஒட்வார் கொட்டகைக்கு விறகெடுக்கப் போனார். திரும்பியபோது ஆணியில் ஆர்னேயின் கோட்டைக் காணோம்.

விறகை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

இருட்டத் தொடங்கியிருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்கப் பனிக்குள் சுடர்கள். காலையில் போர்கில் ரகசியமாக ஏற்றிவைத்த மெழுகுவர்த்தியின் வெளிச்சத்தில், புது மரச்சிலுவை முன்னால் கிழவர் மண்டியிட்டிருந்தார். சுவெரேயின் பெயரை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

ஒட்வார் அருகில் போனார். தொப்பியைக் கழற்றினார்.

“மன்னிச்சிடுங்க. உங்க அண்ணன் அக்டோபர்லயே போயிட்டார். உங்க உடம்புக்கு ஏதாவது ஆயிடுமோன்னுதான்... ஆனா நேத்து நீங்க அழுதீங்களே, அப்பவே சொல்லியிருக்கணும். உங்களை மன்னிக்க எனக்கு என்ன உரிமை? நான் ஒட்வார். வெறும் பக்கத்து வீட்டுக்காரன்.”

கிழவரின் தோள்கள் குலுங்கின. இதயம்தானோ என்று பதறி ஒட்வார் தாங்கிப் பிடித்தார். கிழவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“என் பேர் க்னுத். ஆர்னேகூடக் கப்பல்ல வேலை பார்த்தவன்” என்றார் விரல்களுக்குள்ளிருந்து. “அண்ணன் வாசலையே பார்த்துக்கிட்டிருக்கார்னு போர்கில் சொன்னதால, ஷேரன் என்னைக் கூட்டிட்டு வந்தா. ஆர்னே ஜூலையிலேயே போயிட்டான். நேத்து மன்னிப்புக் கேட்டவனும் அங்கே ஆர்னேயோட பக்கத்து வீட்டுக்காரன்தான்.”