தாளின் மறுபக்கம்

முன்னறையில் அன்று நாலு பேர் இருந்தார்கள். ஆவணக் காப்பக அதிகாரி மேசைக்கு இந்தப் பக்கம், சித்தப்பா ஜன்னலோரம், பேராசிரியரின் மகள் தரையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே. கையெழுத்தைப் படித்துச் சொல்ல வேண்டிய ஐயா, கதவோரம் ஒரு மடக்கு நாற்காலியில்.

பேராசிரியரின் சுழல் நாற்காலி மட்டும் காலியாகக் கிடந்தது. அதில் உட்காரச் சொன்னதற்கு, "வேண்டாங்க, அடுத்தவர் நாற்காலி" என்று ஐயா மறுத்துவிட்டார்.

சனிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். காப்பகம் எடுத்துக்கொள்வது போக மிச்சமெல்லாம் பழைய பேப்பர் கடைக்கு. பொருளாதார வரலாற்றில் நாற்பது வருடம் உழைத்த மனிதரின் குறிப்புகள் அத்தனையும் கோழிக் கிறுக்கல். அதைப் படிக்க ஐயாவை விட்டால் ஆளில்லை.

ஐயா நிதானமாக வேலை பார்த்தார். ஒவ்வொரு கட்டாகப் பிரித்துத் தேதி பார்த்தார். தன் சட்டைப்பையில் அகப்பட்ட ஞாபகமறதி மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, அதில் பென்சிலால் வரிசை எண் இட்டுக்கொண்டே வந்தார்.

மதியத்துக்குள் முப்பது பெட்டி தேறிவிட்டது. நூல் சுற்றிய ஒரு கட்டு மட்டும் மகளின் மடியைவிட்டு இறங்கவில்லை.

"அதையும் குடுங்கம்மா" என்றார் அதிகாரி.

"இது வேண்டாம் சார். கடைக்குப் போகட்டும்."

சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "நல்லா இருக்கே கதை. பஞ்சாலைக் கூலிப் பட்டியல் முழுக்க அதுலதானே இருக்கு? அந்தப் பெரிய புத்தகத்துக்கே அதுதான் அஸ்திவாரம்." பிறகு அதிகாரி பக்கம் திரும்பினார். "எங்க அண்ணனுக்கு எழுத இடம் இருந்தாப் போதும் சார். அது என்ன காகிதம்னு பாக்க மாட்டார். என் கல்யாணப் பத்திரிகை பின்னாடி தானிய விலை எழுதி வச்சவரு. கல்யாணத்துக்குத்தான் வரல."

அதிகாரி சிரித்தார். ஐயா சிரிக்காமல் கையை நீட்டினார். மகள் சற்று யோசித்துக் கட்டைக் கொடுத்தாள்.

முன்பக்கம் கூலிப் பட்டியல், கோடு போட்டுச் சுத்தமாக. ஐயா தாளைத் திருப்பினார். மறுபக்கம் குண்டு குண்டாகப் பென்சில் எழுத்து. தாய் இறந்ததும் விடுதியில் சேர்க்கப்பட்ட மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தை அப்பாவுக்கு எழுதிய கடிதம். அப்படிப் பதினேழு.

"'அப்பா, முன்பல் ஆடுது. நீ வந்தப்புறம்தான் பிடுங்க விடுவேன். எப்ப வருவ?'" ஐயா வாய்விட்டுப் படித்தார்.

மகள் நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இதுக்கெல்லாம் இவர் பதில் எழுதினாரா?" என்று அவளைக் கேட்டார் ஐயா.

"இல்ல."

"ஒண்ணுக்குக் கூடவா?"

"ஒண்ணுக்குக் கூட."

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. "பட்டியல்ல ஒரு தப்பு இல்ல. ஆனா மனுஷன் ஒரு பக்கந்தான் பாத்திருக்கார்."

"கூலிப் பட்டியலை மட்டும் நகல் எடுத்துக்கறேன் ஐயா" என்றார் அதிகாரி.

"கூடாதுங்க. ரெண்டு பக்கமும் சேர்ந்தாத்தான் ஆவணம். எழுதினவங்களைக் கேக்காம எடுக்கவும் கூடாது. அந்தப் பொண்ணு விலாசம் யார்கிட்டயாவது இருக்கா?"

சித்தப்பா வாயைத் திறந்தார். மகள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"எங்கிட்ட இருக்கு" என்றாள் அவள். "நான் சேத்துடறேன்."

"அப்ப ஒரு தாள் குடுங்கம்மா. ரெண்டு பக்கமும் வெள்ளையா இருக்கணும்."

அரை மணி நேரம் ஆயிற்று. எழுதியதைச் சரிபார்ப்பதற்காக அவளிடமே கொடுத்தார்.

'அன்புள்ள குழந்தைக்கு, உன் கடிதங்கள் பதினேழும் பத்திரமாக உள்ளன. அவற்றைக் காப்பகத்தில் வைக்க உன் அனுமதி தேவை. விருப்பமில்லையென்றால் தயங்காமல் மறுத்துவிடு. உன் அப்பா பதில் எழுதியதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. அதற்காக மிகவும் வருந்துகிறேன். பல் விழுந்துவிட்டதா? வலித்ததா? மறவாமல் எழுதவும்.'

அவள் இரண்டு முறை படித்தாள். நாலாய் மடித்து உறையில் போட்டு, பசை தடவி, ஓரத்தை நகத்தால் அழுத்தி ஒட்டினாள். பெறுநர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

அவள் செருப்பை மாட்டும் வரை ஐயா பார்த்துக்கொண்டே இருந்தார். "பையிலேயே வச்சு மறந்துடாதீங்கம்மா. பாவம், குழந்தை காத்துக்கிட்டு இருக்கும்."

"இப்பவே போட்டுடறேன், அப்பா."