எதிர்க்கடை மாத்திரை

"வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே இப்படி வேர்த்துக் கொட்டுதேப்பா" என்றாள் மகள்.

பல் மருத்துவரின் காத்திருப்பு அறை. மருந்துக்கடைக்காரர் வீங்கிய கன்னத்தைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சொத்தைப் பல்லைப் பிடுங்க வந்து, ஏற்கெனவே இரண்டு தடவை கம்பி நீட்டியவர். அதனால்தான் இந்த முறை, நான்காம் வகுப்பு படிக்கும் மகளைக் காவலுக்கு அனுப்பியிருந்தாள் மனைவி.

"ஏசி வேலை செய்யலம்மா."

"ஏசி ஜில்லுனுதான் இருக்கு. உங்களுக்குப் பயம். மூளை பயந்துபோச்சுன்னா, கிட்னி மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு பாருங்க, அதுக்குத் தகவல் சொல்லும். அது ஒரு சாறை ரத்தத்துல கலந்துவிடும். உடனே நெஞ்சு அடிச்சுக்கும், வாய் வறண்டுபோகும், கால் ஓடத் தயாராயிடும். புலி துரத்துனா உபயோகம். இங்கே புலி இல்லையேப்பா."

"உள்ளே ஒண்ணு குறடோட நிக்குது."

உள்ளேயிருந்து யாரோ முனகும் சத்தம் கேட்டது. சட்டென்று எழுந்தார். "கடையில ஆள் இல்ல. ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடறேன்."

மகள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். மறுகையால் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே ஒரு வெள்ளை மாத்திரை.

"இதைப் போட்டுக்கோங்க, பயம் போயிடும். சப்பக் கூடாது. தண்ணி ஊத்தி அப்படியே முழுங்கணும்."

அவருக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தார், மோந்து பார்த்தார். "பேரே போடலையே. யார் கொடுத்தா?"

"ஒரு மருந்துக்கடைக்காரர்தான்."

"எதிர்க்கடைக்காரனா?" முகம் சுருங்கியது. "அவன்கிட்ட இருக்கறது என்கிட்ட இல்லாமப் போச்சா?"

மகள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

வேண்டாவெறுப்பாக விழுங்கினார். கொஞ்ச நேரத்தில் நெஞ்சில் கொட்டிய மத்தளம் அடங்கியது. வேர்வை நின்றது. டாக்டர் கூப்பிட்டதும் புது மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நடந்து உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது வாயில் பஞ்சு. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. "மருந்துன்னா இதுதான் மருந்து. நாளைக்கே நம்ம கடைக்கு நூறு பெட்டி வரவழைக்கறேன். எந்தக் கம்பெனி?"

"நம்ம கம்பெனிதான். போன மாசம் எனக்கு ஊசி போடறப்போ, தைரிய மாத்திரைன்னு ஒண்ணு கொடுத்தீங்களே. என் பிறந்தநாள் கேக்கு மேல இருந்த சர்க்கரை மிட்டாய்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நீ அதை முழுங்கவே இல்லையா? அன்னிக்கு அழவே இல்லையே."

"கேக்கு என்னோடது. அது மேல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"சார், அடுத்த புதன்கிழமை பக்கத்துப் பல்லையும் எடுக்கணும்" என்றாள் நர்ஸ்.

மருந்துக்கடைக்காரர் மகளின் காதருகே குனிந்தார்.

"இன்னொண்ணு வச்சிருக்கியா?"