எதிர்க்கரைக் கொக்கு

உத்தமன் அதைத் தூக்கும்போது ஒரு கை அடியிலும் ஒரு கை கழுத்திலும் இருக்கும். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் நடப்பார். மணல் நிரப்பிய வாளியில் மெல்ல இறக்கி, பெயர்ச்சீட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த பிறகே மாலையில் வீட்டுக்குக் கிளம்புவார். "கண்ணு பட்டுடும் பாரு" என்பார்.

இத்தனை சீராட்டும் ஒரு குழாய்க் கடற்சேற்றுக்குத்தான்.

கடலில் காற்றாலை நிறுத்தப்போகும் இடங்களிலிருந்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையின் அந்தப் பரிசோதனைக் கூடத்துக்குச் சேறு வரும். சிறு தகட்டுத் துடுப்பை அதில் செருகி மெல்லத் திருகுவார்கள். எவ்வளவு திருகும்வரை சேறு பிடி தளராமல் நிற்கிறதோ, அதுவே அதன் வலு. குலுங்கிப்போன சேறு பார்வைக்கு அப்படியே இருக்கும். வலு மட்டும் பாதியாகிவிடும்.

தலை நரைக்கும்வரை கடற்சேற்றைச் சோதித்த உத்தமன், அதை அள்ளிவரும் கப்பலில் ஒருநாளும் ஏறியதில்லை. இப்போது அங்கே ஓர் இடம் காலி. மேலாளர் பார்த்தசாரதி, ஒரே துளையில் எடுத்த குழாய்களில் ஒன்றை உத்தமனிடமும் மற்றொன்றைப் புதிதாகச் சேர்ந்த கார்த்திகாவிடமும் கொடுத்தார்.

"கப்பல்ல வேலை பாக்குற நம்ம விஷால் அங்கேயே அளந்த கணக்கு எங்கிட்ட இருக்கு. நாளைக்கு யாரோடது அதுக்குக் கிட்ட வருதோ, அவங்க கப்பலுக்கு."

கார்த்திகா கேட்ட கருவி மறுநாளே வந்துவிடும். அவள் சிரித்தால் மேலாளரும் சிரிப்பார். தாம் குழாயைத் தூக்கும் விதத்தை அவள் கண்ணெடுக்காமல் பார்ப்பதுகூட உத்தமனுக்குக் கேலியாகவே பட்டது. வயிறு எரிந்தது. ஒரு குளத்துக் கொக்குக்கு, எதிர்க்கரைக் கொக்கின் அலகில் இருக்கும் மீன்தான் எப்போதும் பெரிது.

மறுநாள் காலையில் அவருடைய குழாயின் பெயர்ச்சீட்டு அறையைப் பார்த்திருந்தது. "இந்த ஞானம்மா தொடப்பத்த எங்கெல்லாம் உடுதோ!" என்று முணுமுணுத்து, வாளியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

"அண்ணா, சாப்பிட வரலியா?" என்றாள் கார்த்திகா.

"நீ போம்மா. எனக்குப் பசியே இல்ல."

அவள் தலை மறைந்ததும் அவளுடைய குழாயை எடுத்தார். மேசை விளிம்பில் தொம் தொம்மென்று தட்டினார். தட்டுவது தம் கைகள்தானா என்று அவருக்கே திகைப்பாக இருந்தது.

பிற்பகலில் இருவரும் சோதித்தார்கள். கார்த்திகாவின் அளவு தாழ்ந்துதான் வந்தது. ஆனால் உத்தமனுடையதும் அதே அளவுக்குத் தாழ்ந்திருந்தது! குற்றமுள்ள நெஞ்சு, துடுப்பைச் செருகிய கையையும் நடுங்க வைத்துவிட்டது போலும் என்று எண்ணி அவர் வியர்த்துப்போனார். கார்த்திகா நிமிரவே இல்லை.

பார்த்தசாரதி இரண்டையும் பார்த்துத் துள்ளினார். "விஷால் இதைப்போல ரெண்டு மடங்குல்ல சொல்லியிருக்கான்! ரெண்டு பேரும் ஒண்ணு போலச் சொல்றீங்கன்னா, தப்பு அவனோடதுதான். நாளைக்கே அவனை வேலையை விட்டு அனுப்பிடறேன். நீங்க ரெண்டு பேருமே கப்பலுக்குக் கெளம்புங்க!"

அவர் அறைக்குள் போய்விட்டார். உத்தமன் ஆசைப்பட்ட கடல் கைக்கெட்டி நின்றது, மனமோ கசந்தது. விஷால், 'அண்ணாத்தே' என்று வாய் நிறைய அழைப்பவன். மாங்காட்டுக் கோயிலில் அவன் தாலி கட்டியபோது அட்சதை போட்ட கை இது.

"கார்த்திகா, உன் குழாயைத் தட்டிக் குலுக்கினது நான்தாம்மா" என்றார். "எல்லாம் வயித்தெரிச்சல். சார் கையில போய் சொல்லிடறேன். அதே துளையில எடுத்த, வாயில மெழுகு ஒடைக்காத குழாய் இன்னொண்ணு கீது, அத்த வச்சிப் பார்க்கட்டும். என் கப்பலு போனா போவுது, அந்தப் புள்ள பொழப்பு போவக்கூடாது."

கார்த்திகா கையுறைகளை மெதுவாகக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இருங்கண்ணா, நானும் வர்றேன். நேத்து சாயங்காலம் உங்க குழாயைக் குலுக்கினது நான்தான்."