சுவரில் மாட்டிய டேப்லெட்

"நான் ஆசையா வாங்கிக் கொடுத்த டேப்லெட்டைச் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டி வச்சிருக்கீங்களே, இது நல்லா இருக்கா?"

தம்பி வீட்டுக்கு வந்திறங்கிய டீச்சர், கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். நாற்பது பிள்ளைகளை மேய்க்கிற குரல். வீடு முழுக்கக் கேட்டது.

தம்பி மேல்படிப்புக்குப் போனபோது வாங்கிக் கொடுத்தது அது. எட்டு வருஷமாகிவிட்டது, மூலையில் கீறல் விழுந்துவிட்டது, எல்லாம் சரிதான். அதற்காக ஒரு பழைய படச்சட்டத்துக்குள் திணித்து, ஃப்ரிட்ஜ் பக்கத்தில் காலண்டர் மாதிரி தொங்கவிடுவதா?

"ஆணி இல்ல அண்ணி, ஸ்க்ரூ," என்று சிரித்தாள் தம்பி மனைவி. லிஃப்ட் கம்பெனியில் இன்ஜினீயர். ஸ்க்ரூ டிரைவர் அவள் கையில் கரண்டி மாதிரி சுழலும். "டிராயர்ல சும்மா தூங்கிட்டிருந்தது. இப்ப வீட்டையே இதுதான் பாத்துக்குது. பாருங்க."

திரையில் பெரிய பெரிய கட்டங்கள். ஒன்றைத் தொட்டாள், ஹால் விளக்கு எரிந்தது. இன்னொன்றைத் தொட்டாள், படுக்கையறை ஃபேன் நின்றது.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

திரை முழுக்க மஞ்சளாகி மின்னியது. ஹால் விளக்கும் கூடவே கண் சிமிட்டியது. மஞ்சளுக்கு நடுவில் வாசலில் நிற்கிற கூரியர்காரரின் முகம்.

"கூரியர் வந்திருக்கு," என்று அடுப்படியிலிருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"வாஷிங் மெஷின் முடிஞ்சா நீலம். குட்டி அழுதா சிவப்பு. தொட்டில் பக்கத்துல மைக் வச்சிருக்கேன்," என்று தொடர்ந்தாள் தம்பி மனைவி.

"மணி அடிச்சா காதுல விழாதா? அதுக்கு எதுக்கு இந்தக் கலர் வேடிக்கை?"

அம்மா பார்சலோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள். தம்பி மனைவி குரலைச் சற்று உயர்த்தினாள்.

"எனக்கு விழறதில்ல அண்ணி. லிஃப்ட் மோட்டார் பக்கத்துல நின்னு நின்னு காது மந்தமாயிடுச்சு."

டீச்சருக்குச் சுருக்கென்றது. முப்பது வயசுகூட ஆகவில்லை, அதற்குள் காது மந்தமா?

தம்பி மனைவி வேலைக்குப் போன பிறகு, மத்தியானம் துணி மடித்துக்கொண்டே டீச்சர் அம்மாவிடம் கேட்டாள்.

"இது எத்தனை நாளா நடக்குது?"

"பாவம்டி அவ," என்றாள் அம்மா. "போன மாசம் நான் குழாயைத் திறந்து விட்டுட்டுப் பாத்திரம் கழுவிட்டிருந்தேன். அந்தச் சத்தத்துல குட்டி அழுதது எனக்குக் கேக்கல. அவ மாடியில துணி காயப் போட்டுட்டிருந்தா. ஓடி வந்து பாத்தா, குட்டி அழுது அழுது குரலே கம்மிப் போச்சு. நான் தலையில அடிச்சுக்கிட்டேன். அவதான், 'எனக்கு மாடியிலேயே கேட்டிருக்கணும் அத்தை, என் காதுதான் சரியில்ல'ன்னு பழியைத் தன் மேல போட்டுக்கிட்டா. அடுத்த ஞாயித்துக்கிழமையே இதை மாட்டிட்டா."

அம்மா ஒரு குட்டிச் சட்டையை நீவி மடித்தாள்.

"எனக்கென்ன, பாம்புக் காது. பகல் முழுக்கக் குட்டி என் பொறுப்புதான். இன்னிய வரைக்கும் ஒரு குறை இல்ல."

அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. டீச்சருக்கோ மனசு ஆறவில்லை.

சாயங்காலம் தம்பி வந்தான். அவன் மனைவியும் வந்து, முகம் கழுவிக்கொண்டு டீ போடப் போனாள். ஹாலில் அம்மா மடியில் குட்டியை வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். சோபாவின் இந்தக் கோடியில் டீச்சர், அந்தக் கோடியில் தம்பி, நடுவில் அம்மா.

டீச்சர் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏண்டா, இது இப்ப வந்த கோளாறா இருக்காது. கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்திருக்கும். மூடி மறைச்சு உன் தலையில கட்டிட்டாங்க."

"அக்கா, சும்மா இரு."

"என்ன சும்மா இரு? காது கேக்காதவகிட்ட குட்டியைத் தனியா விடலாமா? ஏதோ, அம்மா கூட இருக்கறதால வண்டி ஓடுது."

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். அம்மா குட்டியின் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

டீத் தட்டோடு தம்பி மனைவி வந்தாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கடைசிக் கோப்பையை டீச்சரிடம் நீட்டும்போது குனிந்து, கிசுகிசுவென்று சொன்னாள்.

"அண்ணி, நீங்க பேசினது ஒரு வார்த்தை விடாம சமையலறை வரைக்கும் கேட்டுச்சு. பக்கத்துல உக்காந்திருக்கிற அத்தைக்குத்தான் கேக்கல. தன் காதுதான் மந்தம்னு தெரிஞ்சா, குட்டியைத் தூக்கவே பயப்படுவாங்க. சொல்லிடாதீங்க."

டீச்சர் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். இவர்கள் வாய் அசைவதை அம்மா அப்போதுதான் கவனித்தாள்.

"என்னடி அது ரகசியம்? அவளுக்குத்தான் காது கேக்காதே. கொஞ்சம் சத்தமாப் பேசினா என்ன?"

டீச்சர் டீயை ஒரு வாய் குடித்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"தப்புதான்மா," என்றாள் வீடு முழுக்கக் கேட்கும்படி. "இனிமே இவகிட்ட சத்தமாவே பேசறேன்."