ரோஸ்லினின் மூக்கு

காய்ச்சல் போகிறபோது தேவசகாயத்தின் மூக்கிலிருந்து எல்லா வாசனைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஆனாலும் விடுமுறைதோறும் புதிதாக ஒரு பீர் ஆலையைத் தேடிப் போகும் பழக்கத்தை அவர் விடவில்லை. பலகையில் ருசி பார்க்கும் குட்டிக் குவளைகள் வரிசையாக வந்ததும், காய்ச்சலுக்கு முன்பு பீரைத் தொட்டே பார்க்காத அவர் மனைவி ரோஸ்லின் முதலில் ஒரு வாய் குடித்துச் சொல்வாள்.

"இது தீஞ்ச காப்பிக்கொட்டைங்க. இது மழையில நனைஞ்ச சாக்கு."

அவர் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார்.

ஐந்தாவது ஆலையில், குவளையை அவள் பக்கம் நகர்த்தும்போதே பீரிலிருந்து கொத்தமல்லி விதை வாசம் அவருக்குக் குப்பென்று அடித்தது. ரோஸ்லின் குடித்துவிட்டு, உதட்டு நுரையைத் துடைத்தபடி யோசித்தாள்.

"ஆரஞ்சுத் தோலுங்க... இல்லல்ல, நம்ம கல்யாணத்தன்னிக்கு உங்க சட்டை."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றார் அவர். "இன்னொரு தடவ சொல்லு."